சாவின் அருகில் துணையாக இருக்க விரும்புகிறீர்களா? தமிழ்நாட்டில் எங்கே, எப்படித் தொடங்குவது

இறுதி நாட்களில் இருப்பவருக்குத் துணையிருப்பவரை ஆங்கிலத்தில் ‘எண்ட் ஆஃப் லைஃப் டூலா’ என்பார்கள். அப்படித் தேடினால் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாப் பயிற்சிகள்தான் வரிசையாக வரும். கட்டணம் டாலரில், வகுப்பு நம் ஊர் நடுராத்திரியில். சென்னையிலோ திண்டுக்கல்லிலோ இருந்துகொண்டு, இறுதி நாட்களில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கும் வீட்டாருக்கும் ஆறுதலாக இருக்க நினைக்கிறவர் யாரைப் போய்க் கேட்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பல பேரிடம் விசாரித்து, பல இடங்களுக்கு அலைந்துதான் நான் உள்ளே வந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வேலைக்குள் நுழைய முதலில் தேவைப்படுவது ஒரு நோய் ஆதரவு சிகிச்சைக் குழு. தீராத நோயில் வலியையும் தொல்லையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை இது, பேலியேட்டிவ் கேர் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் உள்ள அந்தக் குழுவோடு சேர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குழு இல்லாமல் கையில் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போக முடியாது. போகவும் கூடாது.

1. வேலை எது, வேலை இல்லாதது எது

பக்கத்தில் இருப்பது, பேசினால் கேட்பது, பேசாவிட்டால் சும்மா இருப்பது. வாயைத் துடைத்துவிடுவது, உதட்டுக்கு எண்ணெய் தடவுவது, தலையணையைச் சரிசெய்வது. இரவெல்லாம் விழித்த மருமகளோ மகளோ இரண்டு மணி நேரம் தூங்கும்படி அவர் இடத்தில் உட்காருவது. யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கோயில் விபூதி வேண்டும், யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நோயாளி சொல்வதைக் குறித்துக்கொண்டு வீட்டாரிடம் சேர்ப்பது. வரப்போகும் நாட்களில் உடம்பில் என்ன நடக்கும் என்பதை வீட்டாருக்குப் பதற்றமில்லாமல் சொல்வது.

ஊசி போடுவது, மருந்தின் அளவை மாற்றுவது, டிரிப்ஸைக் கழற்றுவது, ‘இன்னும் எத்தனை நாள்’ என்று கணக்குச் சொல்வது ஆகியவை உங்கள் வேலை இல்லை. சம்பளத்துக்கு வரும் வீட்டு நர்ஸ், அட்டெண்டர் வேலையும் வேறு. வருமானம்தான் முதல் தேவை என்றால் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி பெற்று அந்த வேலைக்குப் போங்கள், அதுவும் மதிப்பான வேலைதான். டூலாவாகவோ தன்னார்வலராகவோ இருந்து இங்கே பிழைப்பு நடத்த முடியாது. அமெரிக்காவில்கூட டூலாவுக்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் பணம் தருவதில்லை, குடும்பங்கள் தங்கள் கையிலிருந்துதான் கொடுக்கின்றன. இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

2. இது உங்களுக்குச் சரியான நேரமா?

அம்மாவையோ கணவரையோ இழந்த சில மாதங்களுக்குள் பலர் இதற்கு வருகிறார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் பல அமைப்புகள், நெருங்கியவர் இறந்து ஓராண்டாவது கழியட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பும். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவர் கட்டிலில் நம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அங்கே படுத்திருப்பவருக்கு நாம் துணையாக இருக்க முடியாது. காத்திருக்கும் காலத்தில் முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் போய்ப் பேசிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ‘சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றியே, தீட்டு’ என்ற பேச்சு பல வீடுகளில் வரும். வந்ததும் குளித்துவிட்டு உள்ளே வருகிறேன் என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. வாதாடி ஜெயிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. மருத்துவ ரீதியாகவும் கை கால் கழுவி உடை மாற்றுவது நல்லதுதான்.

3. எங்கே பயிற்சி பெறுவது

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியைத்தான் நான் சொல்வேன்.

உள்ளூர் நோய் ஆதரவு சிகிச்சை அமைப்பில் தன்னார்வலராகச் சேர்வது அந்த முதல் வழி. சென்னைக்காரர்கள் என்றால் மணலி பக்கம் மாத்தூரில் உள்ள ஜீவோதயா, புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் இல்லம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் தனி நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் உள்ளவர்களுக்குப் பெங்களூருவில் உள்ள கருணாஷ்ரயா இல்லம் பக்கம். உங்கள் ஊரில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் உங்கள் வட்டாரத்துக்கு எந்த நர்ஸ் வருகிறார் என்று சொல்வார்கள். அந்த நர்ஸுக்குத்தான் ஊரில் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது தெரியும். அவரைச் சந்தித்துப் பேசுங்கள்.

முறையான பயிற்சிக்குக் கேரளத்தைப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா, கோழிக்கோட்டில் உள்ள நோய் ஆதரவு மருத்துவ நிறுவனம் ஆகிய இரண்டும் பல ஆண்டுகளாக இதைக் கற்றுத்தருகின்றன. கேரளத்தில் அக்கம்பக்கத்தாரே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலையமைப்பில் சாதாரண ஊர்க்காரர்களுக்கு 16 மணி நேர வகுப்பும் 4 நாள் களப் பயிற்சியும் கொடுத்து இறக்கினார்கள். ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், வீட்டுப் பெண்கள் என்று யாராலும் கற்றுக்கொள்ள முடிகிற அளவு அது. கன்னியாகுமரி, தென்காசி, கோவை ஆட்கள் போய்வரவும் வசதி. மொழி மலையாளமா ஆங்கிலமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி வெளிநாட்டு இணையவழி டூலாப் பயிற்சி. அமெரிக்காவின் இனெல்டா 2015இலிருந்து நடத்திவருகிறது, பிரிட்டனிலும் அமைப்புகள் உண்டு. பாடம் நன்றாக இருக்கும், குறிப்பாக ஒருவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டுப் பதிவுசெய்வது, கடைசி நேரத்தை முன்கூட்டித் திட்டமிடுவது போன்றவை. ஆனால் கட்டணம் பல நூறு டாலர், நம் பணத்தில் பல பத்தாயிரம். பயிற்சிக்கு ஒரு கட்டணம், சான்றளிப்புக்கு இன்னொரு கட்டணம் என்று பிரித்தும் வாங்குவார்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நேரடி வகுப்பா, பதிவுசெய்த வீடியோவா? யாராவது உங்களைக் களத்தில் மேற்பார்வை செய்வார்களா? பாதியில் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா? நான் விசாரித்த ஓர் இணையப் பயிற்சியில் இந்த மூன்றுக்கும் நேரான பதில் வரவில்லை. விட்டுவிட்டேன்.

இந்தியாவில் டூலா என்ற தொழிலுக்கு உரிமமோ பதிவோ கிடையாது. அமெரிக்காவிலும் அரசு உரிமம் இல்லை. ஆகவே ‘அரசு அங்கீகாரம் பெற்ற டூலா சான்றிதழ்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

4. தயார் செய்ய வேண்டிய காகிதங்கள்

ஒரே நாளில் எல்லாம் கிடைக்காது, பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதே தொடங்கிவிடுங்கள். ஒவ்வோர் அமைப்பும் கொஞ்சம் மாற்றிக் கேட்கும், ஆனாலும் இவை போதும்:

- ஆதார் நகல், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ.
- உங்களைத் தெரிந்த, உறவினர் அல்லாத இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம். பழைய மேலாளர், பள்ளித் தலைமையாசிரியர், குடும்ப டாக்டர் போன்றவர்கள் சரியாக இருப்பார்கள்.
- போலீஸ் நன்னடத்தைச் சான்று. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். நான் கட்டியது 500 ரூபாய். ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வரும்போது வீட்டில் இருங்கள். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், முதலில் அதை மாற்றுங்கள்.
- உடல்தகுதிச் சான்று. காசநோய் இல்லை என்று காட்ட மார்பு எக்ஸ்ரே கேட்கலாம்.
- ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட சீட்டு.

இந்தக் கடைசி விஷயம்தான் பலரையும் தாமதப்படுத்துகிறது. மொத்தம் மூன்று டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். இரண்டு டோஸ் முடிந்ததும் சில இடங்களில் குழுவோடு வீடுகளுக்கு உடன்செல்ல அனுமதிப்பார்கள், ரத்தம், புண் சம்பந்தப்பட்ட வேலையில் மட்டும் விடமாட்டார்கள்.

5. செலவும் காலமும்

உள்ளூர் அமைப்பில் பயிற்சி பெரும்பாலும் இலவசம், அல்லது சாப்பாட்டுக்கும் கையேட்டுக்கும் ஒரு சிறு தொகை. தடுப்பூசி, எக்ஸ்ரே, போலீஸ் சான்று எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரங்களைத் தாண்டாது. உண்மையான செலவு போக்குவரத்து. வீடுகள் ஊரின் நான்கு மூலையிலும் இருக்கும், பஸ் போகாத தெருக்களாக இருக்கும், ஆட்டோவுக்கு மாதாமாதம் பணம் போகும். அமைப்பு பயணப்படி தருமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்து வட்டாரத்தையே கொடுக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பித்த நாளிலிருந்து தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பப்படும் வரை மூன்றிலிருந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாரம் நான்கு மணி நேரம், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில். எல்லா நாளும் வருகிறேன் என்று உற்சாகத்தில் ஒத்துக்கொண்டவர்கள் இரண்டு மாதத்தில் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். படுத்திருப்பவர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் ஒருமுறை தவறாமல் வருபவர்தான் அவருக்கு வேண்டும்.

6. குழுவோடு உடன்செல்லும் காலம்

முதல் சில வாரங்கள் நர்ஸின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதுதான் வேலை. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். வகுப்பில் சொல்லித்தர முடியாதவை அங்கேதான் தெரியும்: வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் வீட்டில் முடிவெடுக்கிறார் என்பதை நர்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறார், ஆறிய புண்ணுக்கும் ஆறாத புண்ணுக்கும் அவர் முகம் ஒரே மாதிரி இருப்பது எப்படி.

புற்றுநோய்ப் புண்ணின் வாடை முதல்முறை கடினமாக இருக்கும். முகம் சுளித்தால் நோயாளி அதைக் கட்டாயம் பார்ப்பார், தன் வாடை தெரியும் என்பதால் பேரப்பிள்ளையையே பக்கத்தில் விடாதவர் அவர். வாடை அதிகமாக இருந்தால் நர்ஸிடம் தனியாகச் சொல்லுங்கள், அதைக் குறைக்க மருந்து இருக்கிறது. நீங்களும் அத்தர், மல்லிகை, வாசனைப் பவுடர் எதுவும் இல்லாமல் போங்கள். குமட்டல் உள்ளவர்களுக்கு நல்ல வாசனையும் தாங்காது.

கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலைகள் சில உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, படுக்கைப் புண் வரும் இடங்களான குதிகால், இடுப்பு, வால் எலும்புப் பகுதி ஆகியவற்றில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது, மெல்லிய துணியை நனைத்து வாய் துடைப்பது, படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவது. ஒவ்வொன்றையும் நர்ஸ் முன்னால் செய்து காட்டிவிட்டு அப்புறம் தனியாகச் செய்யுங்கள்.

7. முதல் வீடு

நின்றுகொண்டு பேசாதீர்கள். நாற்காலி இல்லாவிட்டால் தரையில் உட்காருங்கள், அவர் கண் மட்டத்தில் இருப்பது முக்கியம். பெயர், எந்த அமைப்பு, எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள். வயதானவரை ஐயா, அம்மா என்றோ, அந்த வீட்டில் பக்கத்து வீட்டார் கூப்பிடுவது போலப் பெரியம்மா, தாத்தா என்றோ கூப்பிடலாம். தொடும் முன் கேளுங்கள். ஆண் நோயாளி, பெண் தன்னார்வலர் என்றாலும் அதற்கு எதிர்மாறாக இருந்தாலும், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் போங்கள்.

‘எல்லாம் சரியாயிடும்’, ‘தைரியமா இருங்க’, ‘கடவுள் பார்த்துப்பார்’ ஆகிய மூன்றையும் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள். இவை அவர் வாயை அடைத்துவிடும். ‘ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ராத்திரியைப் பற்றிக் கேட்டால் பயத்தைப் பற்றிப் பேச்சு தானாக வரும். அழுதால் அழட்டும், உடனே தண்ணீர் டம்ளரை நீட்டி அதை நிறுத்த வேண்டியதில்லை.

உங்கள் மதம், உங்கள் சித்த வைத்தியர், உங்கள் யூடியூப் கஷாயம் எதையும் அந்த வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் திருவாசகம் கேட்டால் திருவாசகம், ஜெபமாலை என்றால் ஜெபமாலை, யாசீன் ஓத ஆள் வேண்டும் என்றால் பள்ளிவாசலில் சொல்லி அழைத்து வருவது. கத்தோலிக்கர் வீட்டில் நோயில் பூசுதலுக்குப் பங்குத்தந்தையை எப்போது அழைப்பது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நினைவு இருக்கும்போதே செய்ய விரும்புவார்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘இன்று ஓர் அம்மாவோடு’ என்று கையை மட்டும் காட்டும் படம்கூட வேண்டாம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அந்தக் கை யாருடையது என்று தெரியும்.

8. ‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க’

நம் வீடுகளில் நீங்கள் சந்திக்கப்போகும் மிகப் பெரிய சிக்கல் இது. வாசலிலேயே மகன் கையைப் பிடித்துச் சொல்வார்: ‘அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாது, அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்.’ உள்ளே போனால் அப்பா மெதுவாகக் கேட்பார்: ‘தம்பி, எனக்கு என்னன்னு உங்களுக்காவது தெரியுமா?’

பொய் சொல்லக் கூடாது. வீட்டாரை மீறி உடைத்தும் சொல்லக் கூடாது, அது டாக்டரின் பொறுப்பு. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அப்பாவிடம், ‘உங்களுக்கு என்ன தோணுது ஐயா?’ என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் மனசு நோகும் என்று அவரும் நடித்துக்கொண்டிருப்பார். ‘இதை டாக்டரிடம் நேராகக் கேட்க விருப்பமா, நான் ஏற்பாடு செய்யட்டுமா?’ என்று கேளுங்கள். மகனிடம் வெளியே வந்து, ‘தெரிந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பயத்தை முழுதாகச் சொல்ல விடுங்கள். அதன்பின், ‘அப்பா சில கேள்விகள் கேட்கிறார், டாக்டர் வரும்போது நீங்களும் கூட இருங்கள்’ என்று சொல்லிவிட்டு அன்றே குழுவுக்குத் தெரிவியுங்கள்.

இதில் நேரம் போய்விட்டால் திரும்ப வராதவை நிறைய. பேங்க் நாமினி, பேசாத அண்ணன், யாருக்கும் சொல்லாத கடன், மகளிடம் சொல்ல நினைத்த ஒரு வார்த்தை. இதற்காகத்தான் நான் இந்தப் பகுதியை இவ்வளவு நீட்டுகிறேன்.

9. சாப்பாடு, பால், மார்ஃபின்

‘சாப்பிடாமலே செத்துப்போறாரே’ என்று வீட்டார் வாயில் திணிப்பார்கள். கடைசி நாட்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை, அது நோயின் போக்கு. விழுங்க முடியாதவர் வாயில் கஞ்சி ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் மூச்சடைக்கும். ‘பாசத்தைக் காட்ட வேறு வழி சொல்கிறேன்’ என்று சொல்லி, ஒரு பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்கக் கற்றுக்கொடுங்கள். சோறு ஊட்டின கைக்கு ஒரு வேலை வேண்டும். அதைப் பறித்துவிட்டு ‘ஊட்டாதீங்க’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் நீங்கள் போனதும் ஊட்டுவார்கள்.

கடைசியில் உறவினர்கள் வரிசையாகப் பால் ஊற்றும் வழக்கத்துக்கும் இதே ஏற்பாடுதான். நினைவில்லாதவர் வாயில் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றக் கூடாது. பாலிலோ கங்கை நீரிலோ துளசித் தீர்த்தத்திலோ ஜம்ஜம் நீரிலோ பஞ்சைத் தோய்த்து ஒவ்வொருவரும் உதட்டில் தடவலாம். சடங்கும் நிற்கவில்லை, மூச்சும் அடைக்கவில்லை. வீட்டில் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே இதைப் பேசிவைத்தால் அந்த நேரத்தில் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

மார்ஃபின் பற்றிப் பயம் நிறைய. டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுத்தால் அது சாவைச் சீக்கிரம் கொண்டுவராது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், கூடவே அதற்கான மருந்தும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடு இருப்பதால் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது, அனுமதி பெற்ற மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாத்திரையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், சனி ஞாயிறில் தீர்ந்துபோனால் வீடே துடிக்கும். மிச்ச மாத்திரையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவோ இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கவோ கூடாது. வாங்கிய இடத்திலேயே வீட்டார் திருப்பிக் கொடுக்கட்டும்.

10. கடைசி நாட்களின் அடையாளங்கள்

இவற்றை வீட்டாருக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த ராத்திரியில் 108ஐ அழைத்து ஐசியுவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். வீட்டிலேயே இருக்க விரும்பியவர் வென்டிலேட்டரில் போய் முடிவது பெரும்பாலும் இந்தப் பதற்றத்தால்தான்.

தூக்கம் கூடும். சிறுநீர் குறைந்து நிறம் அடர்த்தியாகும். கை கால் சில்லிட்டு, தோலில் ஊதா நிறத் திட்டுகள் வரும். மூச்சு வேகமாக வந்து, நின்று, மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், கேட்பவர்களுக்கு அது பயங்கரமாக இருந்தாலும் படுத்திருப்பவருக்கு அவ்வளவு தொந்தரவு இருப்பதில்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். இறந்துபோன அம்மா வந்து நிற்பதாகச் சிலர் சொல்வார்கள், மறுக்க வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். காது கேட்கக்கூடும் என்பதால் பக்கத்தில் நகைக் கணக்கும் பந்தல் கணக்கும் பேச விடாதீர்கள்.

வலி கட்டுக்குள் வரவில்லை, மூச்சுத்திணறி நெளிகிறார், படுக்கையில் நிலைகொள்ளாமல் எழுந்து ஓடப் பார்க்கிறார் என்றால் அது காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. உடனே குழுவை அழையுங்கள், மருந்து இருக்கிறது.

11. கையெழுத்து கேட்கும் இடங்கள்

சொத்து உயில், பவர் பத்திரம், கைநாட்டு எதிலும் சாட்சியாக நிற்காதீர்கள். ஏடிஎம் அட்டை, பென்ஷன் புத்தகம், பீரோச் சாவி கையில் வாங்காதீர்கள். நன்றியாகப் பணமோ புடவையோ கொடுத்தால், அமைப்பின் பெயரில் நன்கொடை ரசீது போடலாம் என்று சொல்லிவிடுங்கள்.

மருத்துவ உயில் வேறு. தன்னால் பேச முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைப்பது அது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம். 18 வயது நிறைந்தவர், நல்ல நினைவோடு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தன் சார்பில் பேசப்போகும் உறவினர் பெயரை அதில் எழுத வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடமும் மருத்துவமனைக் கோப்பிலும் வைக்கச் சொல்லுங்கள். இதை வைத்து மருத்துவமனை உடனே உயிர்காக்கும் கருவியை நிறுத்திவிடாது, இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவெடுக்கும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம், யாராவது உங்களிடம் அப்படிக் கேட்டால் அதற்குப் பின்னால் தாங்காத வலி இருக்கும், அன்றே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டியது அந்த வலியைத்தான்.

12. இறந்த பிறகு

அவசரம் எதுவும் இல்லை, கண் தானம் தவிர. அதற்கு ஆறு மணி நேரம்தான். கண்ணை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண் வங்கியை அழைக்க வேண்டும். பெரும்பாலான புற்றுநோயாளிகளும் கொடுக்கலாம், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் கூடாது. குடும்பத்தின் சம்மதத்தை முன்பே கேட்டிருக்க வேண்டும், அழுகைக்கு நடுவில் புதிதாக ஆரம்பிக்காதீர்கள்.

வீட்டில் இறந்தால் எல்லோரும் தடுமாறுவது டாக்டர் சான்றில்தான். பார்த்துவந்த டாக்டர் வந்து பார்த்து, இறப்புக்கான மருத்துவக் காரணச் சான்றைக் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மயானத்தில் கேள்வி வரும், பிறகு இறப்புச் சான்றிதழ் வாங்கவும் அலைய நேரிடும். ஆகவே கடைசி வாரத்திலேயே, ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தால் எந்த டாக்டர் வருவார் என்று கேட்டு, அவர் எண்ணைச் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். ஒரே ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மருந்துச் சீட்டு, இறந்தவர் ஆதார் நகல் இருக்கட்டும்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகம், கிராமத்தில் விஏஓ. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும், அதைத் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஓராண்டைத் தாண்டினால் இன்னும் சிக்கல். பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பதிவு செய்யும் இடத்திலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். பென்ஷன், இன்ஷூரன்ஸ், பட்டா எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காகிதம்தான், பத்து நகல் எடுத்துவைத்தாலும் அதிகம் இல்லை.

13. அதற்குப் பிறகு நீங்களும் அந்தக் குடும்பமும்

ஒருவர் இறந்ததும் அடுத்த வாரமே வேறு வீட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அமைப்பின் மாதக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசுங்கள், எழுதுங்கள், வேண்டுமானால் ஒரு மாதம் விடுப்பு எடுங்கள். அடுத்தடுத்து இரண்டு, மூன்று மரணம் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டால் ஒருங்கிணைப்பாளரிடம் உடனே சொல்லுங்கள், ‘பழகிடும்’ என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சொந்த போன் எண்ணைக் கொடுப்பதைவிட அமைப்பின் எண்ணைக் கொடுப்பது நல்லது.

குடும்பத்தைப் பார்க்க ஒருமுறை போங்கள். பதினாறாம் நாள் காரியத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும், அன்று தலைகாட்டிவிட்டு வந்தால் போதும். எல்லோரும் போனபின் நாற்பது நாள் வாக்கில் அரை மணி நேரம் போய் உட்காருங்கள். ராத்திரி விழித்துப் பழகியவர் இன்னும் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்தாரா, வாடகைக் கட்டிலும் ஏர் பெட்டும் திரும்பிப் போயிற்றா, இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். தூக்கமே இல்லை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்று சொன்னால் அன்றே குழுவின் ஆலோசகரிடம் சேருங்கள். 104இலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.